மார்ஃபின் கேட்காதபோது அடுத்த மருந்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. 61 வயதான உங்கள் தாயாருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்து, நோய் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் மீண்டும் வளர்ந்திருக்கிறது. நான்கு மணிக்கொரு முறை 10 மி.கி. என்று தொடங்கிய மார்ஃபின் மாத்திரை, மூன்று வாரத்தில் வேளைக்கு 30 மி.கி. ஆகியிருக்கிறது. அடிவயிற்று வலி ஓரளவு தணிந்தாலும், இடது தொடையிலிருந்து பாதம் வரை எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் குறையவில்லை. கடந்த நான்கைந்து நாட்களாக அவர் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறார். கைகால்கள் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கின்றன. சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார். ஒரு மருத்துவர் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் என்கிறார், இன்னொருவர் மெதடோன் என்கிறார், உறவினர்களோ மார்ஃபின்தான் கடைசி மருந்து, அதற்கே கேட்கவில்லை என்றால் இனி ஒன்றுமில்லை என்கிறார்கள். இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறவினர்கள் சொல்வது சரியல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த ஒரு வாக்கியம்தான் பல குடும்பங்களை அடுத்த மருத்துவரிடம் போகவிடாமல் நிறுத்திவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட, புற்றுநோய் வலி மருந்துகளுக்கான மூன்று படி ஏணியில் மார்ஃபின் மேல்படியில் நிற்பதால், அதற்கு மேலே எதுவுமில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. மேல்படியில் மார்ஃபின் மட்டும் நிற்கவில்லை. ஃபென்டனிலும் மெதடோனும் வேறு சிலவும் அதே படியில் உள்ளவை. ஏணி என்பது தொடங்குவதற்கான வழிகாட்டியே தவிர, முடிவதற்கான எல்லை அல்ல. அதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் படிகளை எண்ணுவதைவிட, அந்த ஒரு நோயாளியின் வலி எப்படிப்பட்டது என்று பார்த்து மருந்து கொடுப்பதையே வலியுறுத்துகின்றன.

இரண்டு மருத்துவர்கள் சொன்னதில் எது சரி என்பதற்கு வருவதற்கு முன், மார்ஃபின் ஏன் தோற்றது என்று கேட்க வேண்டும். மார்ஃபின் தோற்பது ஒரே விதமாக நடப்பதில்லை. அளவு போதாமல் தோற்கலாம். வாந்தியாலோ, இரவு வேளையைத் தவறவிட்டதாலோ, பயந்துபோய்ப் பாதி மாத்திரை கொடுத்ததாலோ உடலுக்குள் போய்ச் சேராமலே தோற்கலாம். வலியின் தன்மை மார்ஃபினுக்கு முழுவதும் கட்டுப்படாததாக இருக்கலாம். வலி தணியும் அளவை எட்டுவதற்குள் பக்கவிளைவுகள் வழிமறிக்கலாம். முதல் வகைக்கு அளவைக் கூட்டுவதே விடை. கடைசி வகைக்கு அளவைக் கூட்டுவது கேடு. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் வலி குறையவில்லை என்ற ஒரே சொல்லாகத்தான் காதில் விழும்.

உங்கள் தாயாரின் விவரங்களைப் படித்தபோது என் கவனம் வலியைவிட அந்த வெட்டி இழுப்பிலும் பூச்சிகளிலும்தான் நின்றது. மார்ஃபின் கல்லீரலில் மாற்றமடைந்து, அந்த மாற்றுப்பொருட்கள் சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. அவற்றில் ஒன்றுக்கு வலியைத் தணிக்கும் ஆற்றலும் மயக்கும் ஆற்றலும் உண்டு. இன்னொன்று வலியைத் தணிக்காது, நரம்புகளைத் தூண்டி வெட்டி இழுப்பையும் குழப்பத்தையும் உண்டாக்கும் என்று கருதப்படுகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது இரண்டும் தேங்குகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இடுப்புக்குள் திரும்பி வளரும்போது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்களை நெரிப்பது மிகவும் சாதாரணமாக நடப்பது. ஒரு பக்கம் அடைபட்டால் சில வேளைகளில் எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவே தூக்கமும், வெட்டி இழுப்பும், இல்லாததைக் காண்பதும் ஒன்றாக வந்திருக்கும் இந்த நிலையில், மாற்று மருந்தைப் பற்றிய பேச்சு எதற்கும் முன்பாக இரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, சோடியம், கால்சியம் ஆகியவற்றையும் வயிற்று ஸ்கேனையும் நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் ஏறினாலும், கிருமித்தொற்று இருந்தாலும், சிறுநீர் வெளியேறாமல் பையில் தேங்கினாலும், பல நாள் மலம் இறுகிக் கிடந்தாலும் இதே போன்ற குழப்பம் வரும் என்பதால் அவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். இதற்கிடையில் யாராவது வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தளர்ந்த சிறுநீரகத்தை அது மேலும் தளர்த்தும்.

சோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருப்பது உறுதியானால், மார்ஃபினை மேலும் கூட்டக் கூடாது என்பதும், சிறுநீரகத்தை அதிகம் நம்பியிராத வேறொரு ஓபியாய்டுக்கு, அதாவது மார்ஃபின் வகையைச் சேர்ந்த இன்னொரு வலி மருந்துக்கு, மாற வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். அப்படிப் பார்த்தால் ஃபென்டனில், மெதடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மூன்றும் பட்டியலில் மிஞ்சுகின்றன. ஆக்சிகோடோனின் வெளியேற்றத்தில் சிறுநீரகத்துக்குப் பங்கு இருப்பதால் அது இந்த நிலைக்கு முதல் தேர்வாகாது. டிரமடாலுக்குத் திரும்புவது பின்வாங்கும் படி; நாளுக்கு 400 மி.கி.க்கு மேல் போக முடியாத, மார்ஃபினைவிடப் பலம் குறைந்த அந்த மருந்து, 180 மி.கி. மார்ஃபின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஈடாகாது.

புப்ரெனார்ஃபின் பேட்ச் ஏழு நாட்கள் நீடிப்பது, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஏற்றது, வயதானவர்களும் பெரும்பாலும் நன்றாகத் தாங்குவது. ஆனால் நம் ஊரில் பொதுவாகக் கிடைக்கும், மணிக்கு 5, 10, 20 மைக்ரோகிராம் வெளியிடும் பேட்ச்களில் மிகப் பெரியதுகூட நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 மி.கி. வாய்வழி மார்ஃபினுக்குத்தான் இணை. மிதமான வலிக்கு அது நல்ல தேர்வு. உங்கள் தாயாரின் தேவை அதைத் தாண்டிவிட்டது.

ஆகப் பேச வேண்டியது ஃபென்டனிலையும் மெதடோனையும் பற்றித்தான். உங்களுக்குக் கிடைத்த இரண்டு ஆலோசனைகளும் மடத்தனமானவை அல்ல. இரண்டும் ஒரே காரணத்திலிருந்து புறப்பட்டிருக்கக்கூடும்.

ஃபென்டனிலின் கணக்கை முதலில் சொல்கிறேன். மருத்துவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன், நீங்களே செய்து பார்ப்பதற்காக அல்ல. நாளொன்றுக்கு 60 மி.கி. வாய்வழி மார்ஃபின், மணிக்கு 25 மைக்ரோகிராம் வெளியிடும் பேட்ச்சுக்கு ஏறக்குறைய இணை. உங்கள் தாயார் வேளைக்கு 30 வீதம் ஆறு வேளை, அதாவது 180 மி.கி. எடுக்கிறார், ஆகவே கணக்குப்படி 75 மைக்ரோகிராம் வருகிறது. ஆனால் 75ஐ அப்படியே ஒட்டக் கூடாது. ஓர் ஓபியாய்டுக்குப் பழகிய உடல் இன்னோர் ஓபியாய்டுக்கு அதே அளவு பழகியிருப்பதில்லை. புதிய மருந்து கணக்கில் வருவதைவிடப் பலமாகவே பாயும். அதனால் கணக்கில் வரும் அளவிலிருந்து கால் பங்கு முதல் பாதி வரை குறைத்துத் தொடங்குவது வழக்கம்; வெட்டி இழுப்பு, குழப்பம் போன்ற நச்சு அறிகுறிகளுக்காக மாற்றும்போது பாதியை ஒட்டியே குறைப்பார்கள். எனவே 37 அல்லது 50 என்று மருத்துவர் எழுதினால், குறைவாக எழுதிவிட்டாரே என்று கலங்க வேண்டாம். அது கவனத்தின் அடையாளம்.

ஆனால் பேட்ச்சுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதைப் பலரும் சொல்வதில்லை. ஒட்டிய பிறகு அது முழுமையாக வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். பிரித்தெடுத்த பிறகும் தோலுக்கடியில் சேர்ந்திருக்கும் மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய 17 மணி நேரம் வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகும். ஏற்றவும் இறக்கவும் இவ்வளவு மெதுவான ஒரு கருவியை, வலி நாளுக்கு நாள் மாறும் நிலையில் பயன்படுத்துவது அளவைத் தேடும் வேலைக்கு உதவாது. ஆகச் சிறுநீரகத்தைப் பார்த்தால் ஃபென்டனில் சரி, நிலையில்லாத வலியைப் பார்த்தால் பேட்ச் சரியில்லை. இந்த முரணுக்கு நான் நம்பும் தீர்வு, இரண்டு மூன்று நாட்கள் மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாகவோ தோலுக்கடியிலோ ஃபென்டனிலைச் சிறிது சிறிதாகச் செலுத்தித் தேவையான அளவைக் கண்டுபிடித்து, வலியும் தெளிவும் ஒரு நிலைக்கு வந்த பிறகு அதே அளவைப் பேட்ச்சுக்கு மாற்றுவது. மார்ஃபினின் கழிவுகள் வெளியேறும் அந்த நாட்களில் அவர் கண்காணிப்பில் இருப்பதும் நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு சில கவனங்கள் தேவை. பேட்ச் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒன்று. ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ சூடான பையோ வைக்கக் கூடாது. வெப்பம் மருந்தை வேகமாக உள்ளே இழுத்துவிடும். கடும் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. மிகவும் மெலிந்து போனவர்களின் தோலில் மருந்து சரியாக ஊறாமலும் போகலாம். கழற்றிய பேட்ச்சில் இன்னும் மருந்து இருக்கும். பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி அகற்ற வேண்டும். இடையிடையே பாய்ந்து வரும் வலிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தையும் மருத்துவரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கு மீண்டும் மார்ஃபினையே எழுதினால், கதவை மூடிவிட்டுச் சன்னலைத் திறந்த கதையாக, எந்தக் கழிவிலிருந்து அவரை விலக்கினோமோ அதுவே திரும்பி வரும்.

மெதடோனைப் பற்றி நான் மரியாதையோடும் பயத்தோடும்தான் எழுத முடியும். விலை குறைவு; பெரும்பகுதி மலத்தின் வழியே வெளியேறுவதால் சிறுநீரகத்தைச் சுமக்கவைக்காது; நரம்பணுக்களில் மற்ற ஓபியாய்டுகள் போய்ப் பிடித்துத் தூண்டும் ஏற்பியைத் தானும் தூண்டுவதோடு, என்.எம்.டி.ஏ. என்ற இன்னோர் ஏற்பியை அது தடுப்பதால், நரம்பு வலிக்கு நன்றாகக் கேட்கும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. அந்த எதிர்பார்ப்பை ஒப்பீட்டு ஆய்வுகள் உறுதியாக மெய்ப்பிக்கவில்லை. ஆனால் மார்ஃபின் எட்டாத இடத்தில் மெதடோன் எட்டிய நோயாளிகளை இத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதன் ஆபத்து கணக்கில் இருக்கிறது. முன்பு எடுத்த மார்ஃபின் அளவு கூடக்கூட, இணை விகிதமும் மாறிக்கொண்டே போகும்: சிறிய அளவில் 4க்கு 1 என்றும், 90 மி.கி.க்கு மேல் 8க்கு 1 என்றும், 300 மி.கி.யைத் தாண்டினால் 12க்கு 1 என்றும் ஒரு பரவலான கணக்கு உண்டு. ஒரே விகிதத்தை எல்லா அளவுக்கும் போட்டவர்கள் நோயாளிகளை இழந்திருக்கிறார்கள். அதோடு, மருந்து உடலில் தங்கும் காலம் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுவதால், முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தவர் நான்காம் ஐந்தாம் நாளில் மருந்து சேர்ந்து ஆழ்ந்த மயக்கத்துக்குப் போகலாம். இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளியை (மிகவும் நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறலாம்) அது நீட்டுவதால் தொடங்குவதற்கு முன்பு ஈ.சி.ஜி. தேவை, வாந்திக்கான ஆன்டான்செட்ரான், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், கிருமித்தொற்றுக்கான கிளாரித்ரோமைசின் போன்ற அன்றாட மருந்துகளும் இந்த ஆபத்தைக் கூட்டும். ஆகவே மெதடோன் நல்ல மருந்தா என்று கேட்பதைவிட, எழுதித் தருபவர் மெதடோனில் கைதேர்ந்தவரா, முதல் வாரம் முழுவதும் தினமும் உங்களோடு தொடர்பில் இருப்பாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் உங்கள் தாயாருக்கு அது மிகவும் பொருத்தமான மருந்தாக அமையலாம். இல்லை என்றால் ஃபென்டனிலே என் தேர்வு.

மருந்தை மாற்றுவதால் பலன் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கண்டிப்பான ஒப்பீட்டு ஆய்வுகள் இதில் மிகக் குறைவு. நம் கையில் இருப்பவை பெரும்பாலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய பதிவுகள். அவற்றில் கணிசமானோருக்கு வலியோ பக்கவிளைவோ, பல வேளைகளில் இரண்டுமே, குறைந்திருக்கின்றன. நச்சு அறிகுறிகளுக்காக மாற்றும்போது வெட்டி இழுப்பும் குழப்பமும் சில நாட்களில் தெளிவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அடிவயிற்று வலிக்கு நான் நம்பிக்கையோடு இருக்கிறேன்.

கால் வலி வேறு கணக்கு. தொடையிலிருந்து பாதம் வரை எரிச்சலும் மின்சாரமும் என்று நீங்கள் எழுதியிருப்பது, இடுப்புக்குள் இருக்கும் நரம்புப் பின்னலைக் கட்டி அழுத்துவதையோ ஊடுருவுவதையோ காட்டுகிறது. இதற்கு எந்த ஓபியாய்டும் தனியாகப் போதுவது அரிது. கேபபென்டின், பிரிகேபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் ஆகிய நரம்பு வலி மருந்துகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். கேபபென்டினும் பிரிகேபலினும் முழுக்கச் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை. வழக்கமான அளவை எழுதினால் மார்ஃபினில் பட்டதை இதிலும் படுவோம். கேபபென்டின் என்றால் இரவில் 100 மி.கி. போன்ற மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும். அதையும் ஓபியாய்டை மாற்றும் அன்றே தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. அவர் தெளிந்து பேசத் தொடங்கிய பிறகு சேர்த்தால்தான் எந்த மருந்து என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். நரம்பைச் சுற்றி வீக்கம் இருந்தால் சில நாட்கள் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கெட்டமின் என்ற மயக்க மருந்தைப் பற்றி யாராவது சொன்னால், 2012இல் வெளியான, 185 நோயாளிகளைக் கொண்ட ஆஸ்திரேலிய ஆய்வில் தோலுக்கடியில் செலுத்திய கெட்டமின் வெறும் உப்புநீரைவிட அதிகப் பலன் தரவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது என்பதை நினைவில் வையுங்கள். தேர்ந்த கைகளில் அதற்கு ஓர் இடம் இருக்கலாம். அது முதல் இடம் அல்ல.

கால் வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கில் மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறினாலோ, அது தண்டுவடத்தின் கீழ் நரம்புகள் நெரிபடுவதன் அடையாளமாக இருக்கலாம். அது மருந்து மாற்றும் விஷயமல்ல. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய அவசரம். சில மணி நேரத் தாமதம்கூட நடமாட்டத்தைப் பறித்துவிடும்.

மாத்திரைக்கும் பேட்ச்சுக்கும் அப்பாலும் வழிகள் இருக்கின்றன. கடைசியில்தான் அவற்றை நினைப்பது நம் பழக்கம். இடுப்பு உறுப்புகளிலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் நரம்புப் பின்னலை மருந்து செலுத்தி முடக்கும் முறை அடிவயிற்று வலிக்கு உதவும். காலின் நரம்பு வலிக்கு உதவாது. தண்டுவட உறைக்குள் நேரடியாக மருந்து செலுத்தும்போது, வாய்வழி மார்ஃபினின் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கே போதும் என்பதால், பக்கவிளைவுகளால் தடைபட்டு நிற்பவர்களுக்கு அது பெரிய திறப்பு. கதிர்வீச்சு ஏற்கெனவே முழு அளவில் கொடுக்கப்பட்டிருப்பதால் அதே இடத்தில் மீண்டும் கொடுக்க முடியுமா என்று கதிர்வீச்சு மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் 8 கிரே அளவில் ஒரே ஒரு வேளைக் கதிர்வீச்சு, பல நாள் கொடுப்பதற்கு இணையாக வலியைக் குறைக்கும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடைபட்ட சிறுநீர்க்குழாயைத் திறந்து வைக்க அதனுள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பதா, முதுகு வழியே சிறுநீரகத்துக்குக் குழாய் வைப்பதா, இரண்டும் வேண்டாமா என்பது இவற்றிலெல்லாம் கடினமான முடிவு. அது சிறுநீரகத்தைக் காக்கும், நாட்களையும் கூட்டலாம். அந்த நாட்கள் எப்படிப்பட்டவையாக இருக்கும் என்பதை நோயின் நிலைதான் முடிவு செய்யும். தாயார் தெளிந்ததும் இதை அவரிடம் மறைக்காமல் பேசச் சொல்லி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் வலி கூடி அருகிலுள்ள சிறு மருத்துவமனைக்கு ஓடினால் பென்டாசோசின் என்ற வலி ஊசி போட வாய்ப்புண்டு. ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அது அந்த மருந்தின் வேலையையே தடுத்து, வலியைத் திருப்பிக்கொண்டு வருவதோடு, பழகிய மருந்து திடீரென்று நின்றால் வரும் விலகல் அறிகுறிகளையும் உண்டாக்கும். பெத்திடின் என்ற இன்னொரு வலி ஊசியின் கழிவு தேங்கினால் வலிப்பு வரலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது கூடவே கூடாது. இந்த இரண்டு பெயர்களையும், அவர் எடுக்கும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி எப்போதும் கையில் வைத்திருங்கள். மருந்து மாறும் வரை மார்ஃபினை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இன்றிரவே அவரைக் கவனிக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அறிகுறிகளைச் சொல்லி, அளவைக் குறைப்பதா இடைவெளியைக் கூட்டுவதா என்று கேளுங்கள். தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மருந்து எங்கே கிடைக்கும் என்பது நம் நாட்டில் மருத்துவக் கேள்வியைவிடப் பெரிய கேள்வி. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபின் ஆலைகளை நடத்தும் நாட்டில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால், மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. எத்தனையோ பேர் வலியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறுவதில்லை. 2014ஆம் ஆண்டின் திருத்தம், மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறையும் அத்தியாவசிய மருந்துகளாக்கி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்று மாற்றியது. எனவே நீங்கள் போகும் மருத்துவமனை இந்த அங்கீகாரம் பெற்றதா, அங்கே வலி மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அப்படிப்பட்ட பிரிவுகள் உண்டு. வீடு திரும்பிய பிறகு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நாளை போகும்போது, வலி எந்த நேரத்தில் எங்கே எப்படி இருந்தது, எந்த வேளை மாத்திரை கொடுத்தீர்கள், எந்த வேளை விட்டுப்போனது, எத்தனை முறை சிறுநீர் கழித்தார், கடைசியாக மலம் கழித்தது என்றைக்கு என்பவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். பயந்து பாதி கொடுத்த நாட்கள் இருந்தால் அதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலால் 180 என்ற கணக்கே மாறி, புதிய மருந்தின் அளவும் மாறும்.